மூடிய மண்ணும் மூச்சுவிடும்

மழை பெய்தால் மண் குளிரும் என்பர். நகரத்து மண்ணுக்கோ அக்கொடுப்பினை இல்லை. தாரும் சீமெந்தும் அதன்மேல் கவிந்துள்ளன. பெய்த நீர் உள்ளே இறங்க வழியின்றி வடிகாலுக்கு ஓடுகிறது. வடிகால் நிரம்பியதும் வெள்ளமாகிறது. கோடையிலோ, மண்ணின் ஈரம் ஆவியாகி வெப்பத்தைத் தணிக்கும் வாய்ப்பின்றி, நகரம் அடுப்பெனக் காய்கிறது.

நெதர்லாந்தில் கடல் மட்டத்திலும் தாழ்ந்த பகுதிகள் பல. அங்கு தேங்கும் மழைநீரை இறைத்தே வெளியேற்ற வேண்டும். 2020ஆம் ஆண்டில் ஆம்ஸ்டர்டாம், றொட்டர்டாம் ஆகிய இரு நகரங்களும் ஒரு போட்டியில் இறங்கின. பதித்த கற்பலகைகளை எந்நகரத்தார் மிகுதியாகப் பெயர்த்தெடுத்து, அவ்விடத்திற் பசுமை வளர்ப்பர் என்பதே அப்போட்டி. மறு ஆண்டு அது நாடளாவியதாயிற்று.

ஆயினும், கல்லைப் பெயர்த்தவுடன் மண் உயிர் பெற்றுவிடுமா? இல்லை. கல்லின்கீழ்க் கிடந்த மண் இறுகியிருக்கும். அதன் நுண்துளைகள் அடைபட்டிருத்தலால் காற்றும் நீரும் எளிதில் உட்புகா. இலைச்சருகு விழாமையால் மண்புழுவுக்கும் நுண்ணுயிருக்கும் உணவில்லை. ஆகவே, அதனை ஆழக் கிளறித் தளர்த்தி, கூட்டெரு கலந்து, செடி நடவேண்டும். வேர்களும் புழுக்களும் புதுவழி திறக்க, மண் மெல்ல மெல்ல நீரை ஏற்கும். பழைய தொழிற்சாலை நிலமாயின், நச்சுப்பொருள் உண்டோ எனச் சோதித்த பின்னரே உணவுப்பயிர் இடல் வேண்டும்.

ஓரங்குல மேல்மண் உருவாகப் பல நூறு ஆண்டுகள் செல்லும். அதனை மூட ஒரு நாள் போதும். முற்றத்திற்குச் சீமெந்து இட எண்ணுவோர் இவ்விரு கணக்கையும் ஒருமுறை ஒப்புநோக்குதல் நன்று.