காட்டுப் பாதையும் ஏரிப் படகும் மிதிவண்டியும்: இதய நோய், சர்க்கரை நோய் உள்ள தம்பதியர் கவனத்திற்கு

"எனக்கு ஸ்டென்ட் வைத்து ஓராண்டு ஆகிறது. மனைவிக்குச் சர்க்கரை நோய். இருவரும் தேக்கடிக்குச் சென்று படகில் ஏறி, காட்டில் நடந்து வரலாமா?" இத்தகைய கேள்வியைப் புறநோயாளர் பிரிவில் நாங்கள் அடிக்கடி எதிர்கொள்கிறோம். நோய் கட்டுக்குள் இருக்கும் தம்பதியருள் பெரும்பாலோர் செல்லலாம் என்பதே எங்கள் பதில். நடையும் மிதிவண்டியும் இவ்விரு நோய்களுக்கும் நன்மை செய்பவை. ஆயினும், பாதை ஒன்றாக இருந்தாலும் அதில் செல்லும் உடல்கள் இரண்டு என்பதை மறக்கலாகாது. ஒருவருக்கு எளிதான ஏற்றம் மற்றவருக்கு நெஞ்சுவலியைத் தரலாம். ஆகவே ஒவ்வொருவரும் தம் துணைவரின் நோயையும் மருந்தையும் ஆபத்து அறிகுறிகளையும் அறிந்திருப்பதே இப்பயணத்தின் முதல் ஆயத்தம்.

புறப்படும் முன்

சாதாரண வேகத்தில் இரண்டு மாடிகள் ஏறும்போது நெஞ்சுவலியோ கடும் மூச்சுத்திணறலோ வருமானால், மலைப்பாதைக்கு உடல் இன்னும் ஆயத்தமாகவில்லை என்று கொள்க. அண்மையில் மாரடைப்பு வந்தவர்கள், நெஞ்சுவலி அதிகரித்து வருபவர்கள், இரத்த அழுத்தம் கட்டுக்குள் வராதவர்கள், பாதத்தில் ஆறாத புண் உள்ளவர்கள், விழித்திரைப் பாதிப்புக்குச் சிகிச்சை பெறுபவர்கள் ஆகியோர் மருத்துவரைக் கலந்தாலோசிக்காமல் புறப்படக் கூடாது. மற்றவர்கள் ஆறு முதல் எட்டு வாரங்களுக்கு முன்பே நடைப்பயிற்சியைத் தொடங்கி, நேரத்தைச் சிறிது சிறிதாகக் கூட்டுவது நல்லது. பயணத்தில் அணியப்போகும் காலணியையே அப்போதும் அணிந்து பழக வேண்டும்.

ஏரியில்

முல்லைப் பெரியாறு அணை 1895-இல் கட்டி முடிக்கப்பட்டபோது உருவானதே தேக்கடி ஏரி. கரையோரத்தில் யானை, காட்டெருமை, மிளா போன்றவற்றைப் படகிலிருந்தே காணலாம். இப்பயணத்தில் உடலுழைப்பு குறைவு. ஆயினும் இரண்டு செய்திகளை நினைவில் கொள்ள வேண்டும்.

முதலாவது, 2009 செப்டம்பர் 30 அன்று இவ்வேரியில் சுற்றுலாப் படகு கவிழ்ந்து 45 பேர் உயிரிழந்தனர். உயிர்காப்பு அங்கியை இறுதிவரை கழற்றாதீர்கள். விலங்கைக் கண்டதும் எழுந்து ஒரு பக்கமாகக் கூடாமல், இருக்கையிலேயே அமர்ந்து பாருங்கள்.

இரண்டாவது, சிறுநீர் பிரிக்கும் மாத்திரை உட்கொள்பவர்கள் படகில் ஏறும் முன் அதை உட்கொண்டால் சங்கடப்பட நேரும். அன்று மட்டும் அதன் நேரத்தை மாற்றலாமா என்று முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். தாமாக அதை நிறுத்திவிடுவதும், தண்ணீர் குடிக்காமல் இருப்பதும் தவறு. மலைச்சாலை வளைவுகளில் வரும் குமட்டலுக்கான மாத்திரைகள் சில உறக்கத்தைத் தரும்; புராஸ்டேட் வீக்கமோ கண் அழுத்த நோயோ உள்ளவர்களுக்குத் தீங்கும் செய்யலாம்.

மிதிவண்டியில்

மலையேற்றச் சாலையை விட, அடிவாரத்தில் கம்பம் பள்ளத்தாக்கின் திராட்சைத் தோட்டங்களுக்கு இடையே செல்லும் சமதளச் சாலைகளே மிதிவண்டிக்கு ஏற்றவை. மிதிவண்டி உடல் எடையின் பெரும்பகுதியைத் தாங்கிக்கொள்வதால், மூட்டுத் தேய்மானம் உள்ளவர்களுக்கு நடையை விட இது எளிது. மிதிகட்டை கீழே இருக்கும்போது முழங்கால் சற்றே மடங்கியிருக்கும்படி இருக்கையின் உயரத்தை அமைக்க வேண்டும். தலைக்கவசம் அவசியம். இரத்தம் உறைவதைத் தடுக்கும் மருந்து உட்கொள்பவர் விழுந்து தலையில் அடிபட்டால், வலி இல்லாவிட்டாலும் உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

இன்சுலின் போடுபவர்கள் மிதிவண்டி ஓட்டும் நாளில் தொடையைத் தவிர்த்து வயிற்றில் போடுவது நல்லது. உழைக்கும் தசையின் அருகே போட்ட இன்சுலின் விரைவாக உறிஞ்சப்படும். புறப்படும் முன் சர்க்கரை அளவைப் பாருங்கள். இன்சுலினோ சர்க்கரையைத் தாழ்த்தக்கூடிய மாத்திரையோ எடுப்பவருக்கு அளவு 100-க்குக் கீழ் இருந்தால், ஏதேனும் உண்டபின் கிளம்புங்கள். வழியில் வியர்வை, நடுக்கம், தடுமாற்றம் தோன்றினால் வண்டியை நிறுத்தி, மூன்று தேக்கரண்டிச் சர்க்கரையை நீரில் கலந்து குடித்து, 15 நிமிடம் கழித்து மீண்டும் அளவைப் பார்க்க வேண்டும். நாள் முழுதும் உழைத்த உடலில் அன்றிரவு உறக்கத்திலும் சர்க்கரை தாழலாம். ஆதலால் படுக்கும் முன்பும் ஒருமுறை பாருங்கள். மெட்டோப்ரோலால் போன்ற மருந்துகள் படபடப்பையும் நடுக்கத்தையும் மறைத்துவிடும். வியர்வை மட்டுமே எச்சரிக்கையாக எஞ்சலாம். இதைத் துணைவர் அறிந்திருக்க வேண்டும்.

காட்டுப் பாதையில்

பெரியாறு காப்பகத்தில் வனத்துறை வழிகாட்டியுடன்தான் நடக்க வேண்டும். தேக்கடி சுமார் 900 மீட்டர் உயரத்தில்தான் உள்ளது. இவ்வுயரத்தில் மலை நோய் வருவதில்லை. உழைப்பின் அளவே இங்குக் கவனிக்க வேண்டியது. மேற்கூறிய மருந்துகள் நாடித்துடிப்பையும் மட்டுப்படுத்துவதால், நாடியை வைத்து உழைப்பை அளவிட இயலாது. பேச்சே நல்ல அளவுகோல்: நடந்தபடி முழு வாக்கியம் பேச முடிந்தால் வேகம் சரி, இடையில் மூச்சு வாங்கினால் வேகத்தைக் குறைக்க வேண்டும். இருவரில் மெதுவாக நடப்பவர் முன்னே செல்லட்டும். இறக்கம் ஓய்வன்று, தொடைத் தசைகளும் முழங்காலும் அதிகம் வருந்துவது அங்கேதான். ஊன்றுகோல் உதவும்.

மழைக்காலத்தில் அட்டைகள் மிகுதி. அட்டையின் உமிழ்நீரில் இரத்தம் உறைவதைத் தடுக்கும் பொருள் உள்ளது. ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல் உட்கொள்பவர்களுக்குக் கடிவாயிலிருந்து நெடுநேரம் இரத்தம் கசியலாம். அட்டை கடித்தால் உப்போ நெருப்போ வைக்காமல், நகத்தால் நெம்பி எடுத்து, சுத்தமான துணியால் 15 நிமிடம் விடாமல் அழுத்திப் பிடியுங்கள். இரத்தக் கசிவுக்கு அஞ்சி அம்மாத்திரைகளை மட்டும் ஒருபோதும் நிறுத்தாதீர்கள். அட்டைக்கடி ஒரு சிறு தொல்லை. ஸ்டென்ட் அடைபடுவது உயிருக்கே ஆபத்து. சர்க்கரை நோயாளிகளின் பாதத்தில் உணர்ச்சி குறைந்திருக்கக்கூடும் என்பதால், மாலையில் ஒருவர் பாதத்தை மற்றவர் பார்த்துக் கொப்புளமோ கீறலோ உள்ளதா என்று அறிவது நலம்.

நெஞ்சுவலி வந்தால்

உடனே நடையை நிறுத்தி அமர வேண்டும். மருத்துவர் எழுதித் தந்த நாவடி மாத்திரையை அமர்ந்த நிலையிலேயே வையுங்கள். ஐந்து நிமிடத்தில் வலி தணியாவிட்டால் வழிகாட்டியிடம் கூறி 108-ஐ அழைக்கச் செய்யுங்கள். தமிழ்நாட்டிலும் கேரளத்திலும் அதே எண்தான். ஒன்றைக் கூச்சமின்றிச் சொல்ல விரும்புகிறோம். ஆண்மைக் குறைவுக்காக சில்டெனாபில் எடுத்து 24 மணி நேரத்திற்குள்ளும், டாடலாபில் எடுத்து 48 மணி நேரத்திற்குள்ளும் நாவடி மாத்திரையைப் பயன்படுத்தக் கூடாது. இரத்த அழுத்தம் அபாயகரமாகத் தாழும். இம்மருந்துகளை எடுத்திருந்தால் மனைவியும் அறிந்திருக்கட்டும். சிகிச்சை அளிக்கும் மருத்துவரிடமும் மறைக்க வேண்டாம்.

நோயின் பெயர், மருந்துகளின் பெயர், அளவு, ஸ்டென்ட் வைத்த தேதி ஆகியவற்றை ஒரு தாளில் எழுதி இரண்டு படிகள் எடுங்கள். கணவரின் தாள் மனைவியின் பையிலும், மனைவியின் தாள் கணவரின் பையிலும் இருக்கட்டும். மயங்கிய ஒருவரால் தம் மருந்தின் பெயரைச் சொல்ல இயலாது; அருகில் இருப்பவரால் இயலும். மாத்திரைகளையும் இரண்டு நாளைக்குக் கூடுதலாக எடுத்துக்கொண்டு, அச்சமின்றிச் சென்று வாருங்கள்.