குதிரைத்திறன் கூடினால் லோயர் ஆர்ம் உடையுமா?

எஞ்சினின் சக்தியைக் கூட்டியவர்கள் பலர் அடுத்ததாகக் கை வைப்பது காரின் அடியில்தான். சக்கரத்தைக் காரின் உடலோடு இணைக்கும், கம்பெனி போட்ட லோயர் ஆர்மைக் கழற்றிவிட்டு, பளபளக்கும் குழாய் ஆர்மை மாட்டுகிறார்கள். இவ்வளவு சக்தியைப் பழையது தாங்காது என்பது அவர்கள் சொல்லும் காரணம். இதில் பாதிகூட உண்மையில்லை. எஞ்சின் எவ்வளவு திருகினாலும் அந்த விசை டயரின் பிடிமானம் வழியாகத்தான் சாலையில் இறங்க வேண்டும். 400 கிலோ எடையைச் சுமக்கும் ஒரு சக்கரம், காய்ந்த தார்ச்சாலையில், சாதாரண டயரோடு, கிட்டத்தட்ட அந்த 400 கிலோ அளவு விசையைத்தான் கடத்தும். மிஞ்சினால் டயர் வழுக்கிச் சுழலும். சக்தி கூட்டாத காரிலும் ஓங்கி பிரேக் போட்டால் இதே எல்லை வந்துவிடும். கம்பெனி ஆர்ம் அதையும் கணக்கில் வைத்தே செய்யப்பட்டது.

ஆர்மை உண்மையில் வதைப்பது வளைவல்ல, குழி. திண்டுக்கல்லிலிருந்து சிறுமலை ஏறும் சாலையில் 18 கொண்டை ஊசி வளைவுகள் உண்டு. 10 மீட்டர் ஆரமுள்ள வளைவை 20 கிலோமீட்டர் வேகத்தில் திருப்பினால், பக்கவாட்டு விசை காரின் எடையில் மூன்றில் ஒரு பங்கைக்கூட எட்டாது. மலையிறங்கி, சமவெளியில் வேகமெடுத்தபின் சக்கரம் ஒரு குழியில் விழுந்தால் கதை வேறு: சக்கரம் சுமக்கும் எடையைப்போல மூன்று மடங்கு அடி விழும் என்று வைத்துத்தான் வடிவமைப்பாளர்கள் வழக்கமாகக் கணக்குப் போடுகிறார்கள். அதையும் தாண்டி அடி விழுந்தால் கம்பெனி ஆர்ம் உடையாமல் வளைய வேண்டும் என்பதும் அவர்கள் கணக்கு. வளைந்தால் ஸ்டீயரிங் ஒரு பக்கம் இழுத்துக் காட்டிக்கொடுக்கும். வெல்டிங் வைத்த குழாய் ஆர்மில், வெல்டிங் ஓரத்திலும் மரை வெட்டிய இடத்திலும் மயிரிழை விரிசல் தொடங்கி, மாதக்கணக்கில் மெல்ல வளர்ந்து, ஒருநாள் முன்னறிவிப்பின்றி முறியும்.

ரேஸ்காரர்கள் அதைத்தானே போடுகிறார்கள் என்று கேட்கலாம். கோவை கரி பந்தயத் தடத்தில் ஓடும் கார்களை ஓட்டத்துக்கு ஓட்டம் மெக்கானிக் குனிந்து பார்க்கிறார். நாம் சர்வீஸுக்குச் சர்வீஸ்கூடப் பார்ப்பதில்லை. சக்கரச் சாய்வை நினைத்தபடி மாற்றிக்கொள்வதும் அவர்களுக்குத் தேவை. பந்தயத்துக்கான ஸ்லிக் டயர் மாட்டினால் பிடிமானம் கூடி மேலே சொன்ன கணக்கும் மாறும் என்பதை ஒப்புக்கொள்கிறேன். அதற்காக வெளிக்கடைச் சாமானெல்லாம் மட்டம் என்று சொல்ல வரவில்லை. ஓசூரில் ஆலை வைத்துள்ள கேப்ரியல் ஷாக் அப்சார்பரையும், ரானே பால் ஜாயின்டையும் கார் கம்பெனிகளுக்கும் கொடுக்கின்றன, கடைகளிலும் விற்கின்றன. தேய்ந்ததற்குப் பதிலாக அவற்றைப் போடுவதில் தவறே இல்லை.

சக்தி கூட்டிய காரோடு மலையேற நினைப்பவர்கள், புது ஆர்முக்கு வைத்திருக்கும் பணத்தை முதலில் டயருக்கும் பிரேக்குக்கும் வெடித்துப்போன ரப்பர் புஷ்களுக்கும் செலவிடுங்கள்.