கண்ணாடி காட்டாத தசைகள்: தெரியுமா?

உங்கள் உடம்பில் எலும்போடு ஒட்டிய தசைகள் 600-க்கும் மேல். அவற்றில் ஒன்றுக்குக்கூடத் தள்ளத் தெரியாது, தெரியுமா? இழுக்க மட்டும்தான் தெரியும்! தண்டால் எடுக்கும்போது தரையைத் தள்ளுகிறோமே என்கிறீர்களா? அங்கேயும் நடப்பது இழுப்புதான். மேற்கையின் பின்பக்கம் இருக்கிற ட்ரைசெப்ஸ் சுருங்கி, முழங்கை எலும்பின் பின்முனையை இழுக்கிறது. கை நீள்கிறது. நமக்கு அது தள்ளியதுபோல் தோன்றுகிறது, அவ்வளவுதான்.

இழுக்க மட்டுமே தெரிந்தவற்றை வைத்துக்கொண்டு கையை மடக்கவும் வேண்டும், நீட்டவும் வேண்டும் என்றால் என்ன செய்வது? ஜோடி போட வேண்டும்! மடக்க ஒரு தசை, நீட்ட எதிர்ப்பக்கம் இன்னொரு தசை. முழங்கால், இடுப்பு, தோள் என்று எந்த மூட்டை எடுத்தாலும் இதே கதைதான். ஜிம்மில் புதிதாகச் சேர்கிற தம்பி, தங்கைகள் முதல் நாளே தெரிந்துகொள்ள வேண்டிய ரகசியம் இது. ஆனால் முதல் நாள் அவர்கள் கண் போவதெல்லாம் டம்பெல் மேல்தான்.

அந்த டம்பெல்லைத் தூக்கி வளர்க்க ஆசைப்படுகிற பைசெப்ஸை விடப் பெரியது, பின்னால் ஒளிந்திருக்கும் ட்ரைசெப்ஸ்! கை பருமனாகத் தெரிய வேண்டும் என்று பைசெப்ஸையே போட்டு வதைப்பவர்கள் சின்னதைக் கவனித்துப் பெரியதை விட்டுவிடுகிறார்கள். பைசெப்ஸுக்கு இன்னொரு வேலையும் உண்டு. உள்ளங்கையை மேல்நோக்கித் திருப்புவதும் அதுதான். வலது கையால் ஸ்க்ரூவை இறுக்கும்போது மேற்கையைத் தொட்டுப் பாருங்கள், துடிப்பது தெரியும்.

சரி, உடம்பிலேயே பெரிய தசை எது? மார்பா? தொடையா? இரண்டும் இல்லை. நாம் உட்கார்ந்தே வீணாக்குகிற பிட்டத் தசை! எழுந்து நிற்க, படியேற, ஓட, குதிக்க எல்லாவற்றுக்கும் அதுதான் எஞ்சின். கண்ணாடி முன் நின்றால் அது தெரியாது. முதுகுத் தசைகளும் தெரியாது, தொடையின் பின்பக்கமும் தெரியாது. பாவம், கண்ணில் படாததால் பயிற்சியும் கிடைப்பதில்லை. மார்பும் கையும் மட்டும் புடைத்து, கீழே குச்சிக்கால்களோடு நடக்கிற அண்ணன்கள் எந்த ஊரில்தான் இல்லை!

தோளின் கதை இன்னும் சுவாரஸ்யம். கையெலும்பின் உருண்டைத் தலை உட்கார்ந்திருக்கும் குழி ஆழமே இல்லாதது. அதனால்தான் கையை எந்தத் திசையிலும் சுழற்ற முடிகிறது. ஆனால் அந்த உருண்டை நழுவாமல் இருப்பது பெரும்பாலும் சுற்றியுள்ள தசைகளின் தயவில். பந்தல்காலை நாலு பக்கமும் கயிறு கட்டி நிறுத்துவதுபோல! முன்பக்கக் கயிற்றை மட்டும் வாரம் ஐந்து நாள் இறுக்கினால் என்ன ஆகும்? ஆகவே ஒரு தண்டால் போட்டால், எதையாவது தன் பக்கம் இழுக்கிற பயிற்சி ஒன்றும் போட வேண்டும். புல்-அப் கம்பி இல்லாவிட்டால் என்ன? புத்தகப் பையில் கனத்தை ஏற்றி, இடுப்பை மடக்கிக் குனிந்து, முதுகு வளையாமல் வயிற்றுப் பக்கம் இழுக்கலாம். தண்ணீர் வாளியும் போதும். ஒரு லிட்டர் தண்ணீர் ஏறக்குறைய ஒரு கிலோ, தராசே வேண்டாம்!

ஒரு பக்கத்தை மட்டும் உழைக்க வைத்தால் எலும்புகூட மாறிவிடும், தெரியுமா? பல ஆண்டுகள் டென்னிஸ் ஆடியவர்களை ஆராய்ந்தபோது, மட்டை பிடிக்கும் கையின் எலும்பு மறுகையின் எலும்பைவிடத் தடித்திருந்தது! சிறுமியாக இருக்கும்போதே, பூப்பெய்துவதற்கு முன்பே ஆடத் தொடங்கிய வீராங்கனைகளிடம் அந்த வித்தியாசம் இன்னும் அதிகம். பெண்பிள்ளைக்கு வெயிட் எதற்கு என்று கேட்கிற பெரியவர்களுக்கு இதைவிட நல்ல பதில் வேண்டுமா? எலும்புச் சேமிப்பின் பெரும்பகுதி இருபது வயதுக்குள் முடிந்துவிடுகிறது. அந்தக் கணக்கில் போட வேண்டியதை அந்த வயதில்தான் போட முடியும்.

அடுத்தது என்னை ரொம்பவே மலைக்க வைக்கிற விஷயம். சேர்ந்து மூன்று வாரம் ஆகிறது. சட்டை அதே அளவுதான், கை ஒரு நூல்கூடப் பருக்கவில்லை. ஆனால் முதல் நாள் திணறிய எடை இப்போது எளிதாக ஏறுகிறது! எப்படி? வளர்ந்தது தசை இல்லை, மூளைக்கும் தசைக்கும் இடையே உள்ள நரம்புப் பேச்சு! இருக்கிற தசை நார்களில் அதிகமானவற்றை ஒரே நேரத்தில், வேகமாக வேலைக்குக் கூப்பிட நரம்பு மண்டலம் கற்றுக்கொள்கிறது. மொரிடானி, டிவ்ரீஸ் என்ற ஆய்வாளர்கள் இருவர் 1979-ல் இதை அளந்து காட்டினார்கள். முதல் சில வாரத்து வலுவில் பெரும்பங்கு நரம்புக்கு. தசை பருப்பது அதற்கு அப்புறம்தான். ஒரு மாதத்தில் உடம்பு ஏறவில்லை என்று ஜிம்மை விட்டு ஓடுகிறவர்கள், சாப்பாடு பரிமாறும் நேரத்தில் பந்தியை விட்டு எழுகிறார்கள்.

நம்ப முடியவில்லையா? 1894-ல் யேல் பல்கலைக்கழகத்தில் எட்வர்ட் ஸ்கிரிப்சர் குழுவினர் ஒரு சோதனை செய்தார்கள். ஒரு கையால் மட்டும் பல நாள் அழுத்திப் பிடிக்கும் பயிற்சி. மறுகை சும்மா இருந்தது. கடைசியில் அளந்தால், சும்மா இருந்த கைக்கும் வலு கூடியிருந்தது! நரம்பு மண்டலம் கற்ற பாடத்தை இரண்டு பக்கமும் பகிர்ந்துகொள்கிறது. கை முறிந்து கட்டுப் போட்டிருப்பவரின் நல்ல கைக்குப் பயிற்சி கொடுக்கும் உத்திக்கு இதுதான் அடிப்படை.

பத்து ரெப்ஸ், மூன்று செட்: அதாவது பத்துப் பத்துத் தூக்கலாக மூன்று சுற்று. எந்த ஜிம் மாஸ்டரைக் கேட்டாலும் இந்த மந்திரம்தான். இது வந்தது பாடி பில்டர்களிடமிருந்து இல்லை, ஒரு மருத்துவமனையிலிருந்து! இரண்டாம் உலகப் போரில் கால் அடிபட்ட வீரர்களால் சிகாகோவின் ராணுவ மருத்துவமனை நிரம்பியிருந்தது. அங்கே தாமஸ் டிலார்ம் என்ற இளம் டாக்டர். சிறுவயதில் ருமாட்டிக் காய்ச்சலில் படுத்து, எடை தூக்கியே உடம்பைத் தேற்றிக்கொண்டவர். அதையே வீரர்களுக்கும் கொடுத்தார். படிப்படியாக எடையைக் கூட்டுவதுதான் சூட்சுமம் என்று 1945-ல் எழுதினார். ஆரம்பத்தில் நிறைய செட் போட வைத்தவர், 1948-ல் மூன்று போதும் என்று குறைத்தார். பத்து முறை தூக்க முடிகிற எடையில் பாதி, அடுத்து முக்கால், அடுத்து முழுசு. புதியவருக்கு இன்றைக்கும் நல்ல ஏணி இது. கடைசி ரெப்பில் முதுகு வளைந்தால் அந்த எடை உங்களுக்கானது இல்லை. ஒரே ஒருமுறை எவ்வளவு தூக்குவேன் பார் என்கிற பந்தயம் முதல் வருடத்தில் வேண்டவே வேண்டாம்!

வெயிட் தூக்கினால் உயரம் நின்றுவிடும் என்று பாட்டி சொல்வார், பக்கத்து வீட்டு மாமாவும் சொல்வார். எலும்பின் முனையில் வளர்ச்சித் தட்டு இருப்பது உண்மை. அடிபட்டால் கெடும் என்பதும் உண்மை. ஆனால் சரியான முறையில், ஆள் பக்கத்தில் நின்று சொல்லிக் கொடுத்துச் செய்கிற பயிற்சி வளர்ச்சியைத் தடுப்பதில்லை என்கிறது அமெரிக்கக் குழந்தை மருத்துவ அகாடமி. சும்மா ஓடினாலே ஒவ்வொரு அடிக்கும் உடல் எடையைப் போல் இரண்டு மூன்று மடங்கு பாரம் காலில் இறங்குகிறது, அதற்கு யாரும் பயப்படுவதில்லையே! 5 முதல் 17 வயது வரை வாரத்தில் மூன்று நாளாவது தசையையும் எலும்பையும் வலுப்படுத்தும் பயிற்சி வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனமே 2020-ல் சொல்லியிருக்கிறது.

நம் வேலூர் சத்துவாச்சாரியின் பளுதூக்கும் வீரர் சதீஷ் சிவலிங்கத்தை நினைத்துப் பாருங்கள். 2014 கிளாஸ்கோ காமன்வெல்த் போட்டியில் 77 கிலோ பிரிவு. இரண்டு வகைத் தூக்கலும் சேர்த்து 328 கிலோ, தங்கம்! 2018-ல் கோல்ட் கோஸ்ட்டில் மறுபடியும் தங்கம்! அந்த பாரத்தைத் தரையிலிருந்து கிளப்பியது கை இல்லை. தொடை, பிட்டம், முதுகு. இளவட்டக்கல் தூக்குகிறவர்களைக் கவனித்தாலும் இதேதான்: குத்துக்காலிட்டு, கல்லைக் கட்டியணைத்து, மடியில் ஏற்றி, மார்புக்குக் கொண்டுவந்து, தோளில் வைத்து, பின்பக்கம் போடுவார்கள். விரலிலிருந்து குதிகால் வரை ஒரு தசை பாக்கி இல்லை!

நம் கர்லாக்கட்டை ஒலிம்பிக்கில் ஆடியது தெரியுமா? நிஜம்! இந்தியாவில் பார்த்த வெள்ளைக்கார சிப்பாய்கள் அதை ஊருக்குக் கொண்டுபோய்ப் பரப்ப, 1904-லும் 1932-லும் கட்டை சுழற்றல் பதக்கப் போட்டியாகவே நடந்தது. 1932-ல் லாஸ் ஏஞ்சலஸில் தங்கம் வென்ற ஜார்ஜ் ராத், வேலையில்லாத மனிதர். பதக்கத்தை வாங்கிக்கொண்டு, வழியில் போன வண்டியை மறித்து லிஃப்ட் கேட்டு வீட்டுக்குப் போனாராம்!

மறுநாள் வருகிற வலிக்கு லாக்டிக் அமிலம் காரணம் என்பார்கள். அது ஏறக்குறைய ஒரு மணி நேரத்திலேயே கரைந்துவிடும்! வலிப்பது, பழக்கமில்லாத வேலையால், முக்கியமாக எடையை இறக்கும்போது, தசை நார்களில் விழும் நுண்ணிய சேதம். சில நாளில் போய்விடும். அடுத்த முறை அதே பயிற்சிக்கு அவ்வளவு வலிக்காது. அந்தச் சேதம் ஆறத்தான் நடுவே ஒரு நாள் இடைவெளி. அந்த நாளில் வேர்க்கடலையும் சுண்டலும் முட்டையும், எட்டு மணி நேரத்துக்குக் குறையாத தூக்கமும் போதும். புரோட்டீன் மாவு டப்பாவுக்கு ஆயிரக்கணக்கில் கொட்ட வேண்டாம்.

பரீட்சை வந்தால் பயிற்சி நின்றுபோகும், உழைத்ததெல்லாம் போச்சே என்று தோன்றும். போகவில்லை! தசை பருக்கும்போது நாருக்குள் புதிய உட்கருக்கள் சேர்கின்றன. தசை மெலிந்த பிறகும் அவை அப்படியே இருந்ததை ஓஸ்லோ பல்கலைக்கழகத்தில் கிறிஸ்டியன் குண்டர்சனின் குழு 2010-ல் எலிகளிடம் கண்டது. முன்பு பயிற்சி செய்தவர்கள் இழந்த வலுவைச் சீக்கிரமே மீட்பதற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். கடைசிப் பரீட்சை முடிந்த மறுநாள், விட்டபோது தூக்கிய எடையில் பாதியிலிருந்து தொடங்குங்கள்.