வாயில்லாப் பிராணியின் வாய் நோய்

பாம்பென்றால் படையும் நடுங்கும் என்பார்கள். சென்ற வருடக் கடைசியிலோ எங்கள் வீட்டில் எல்லோரும் ஒரு பாம்புக்காகக் கவலைப்பட்டோம். லண்டனில் இருக்கும் என் சாச்சாவின் மகன் வளர்க்கும் பாம்பு அது. கோர்ன் ஸ்நேக் என்ற இனம். அமெரிக்காவின் தென்கிழக்குப் பகுதிக்குரியது, விஷமில்லாதது.

"மூன்று கிழமையா எலியைத் தொடுதில்ல" என்று நானா வீடியோ அழைப்பில் சொன்னார். உயர்தரத்தில் உயிரியல் படிக்கும் நான், "பாம்பு கனநாள் சாப்பிடாம இருக்கும்தானே நானா" என்றேன். அவரும் விட்டுவிட்டார். அது எங்கள் இருவரின் பிழை. அடுத்த கிழமை பார்த்தபோது பாம்பின் வாய் முழுதாக மூடவில்லை. உதட்டோரம் வீங்கி, தடித்த எச்சில் வடிந்தது.

மிருக வைத்தியர் வாயைத் திறந்து பார்த்தாராம். முரசில் சிவப்புப் புள்ளிகள், இடையிடையே பாற்கட்டி போன்ற மஞ்சள் சீழ். இதுதான் வாய் அழுகல் நோய். கவனிக்காமல் விட்டால் தாடை எலும்புக்கும் நுரையீரலுக்கும் பரவி உயிரையே பறித்துவிடும்.

காரணம் கூட்டுக்குள்ளேயே இருந்தது. குளிர்காலத்தில் கூட்டின் வெப்பச் சீராக்கி பழுதாகியதை நானா கவனிக்கவில்லை. எம் உடல் எப்போதும் 37 பாகை செல்சியஸ் அளவில் இருக்கும். பாம்பின் உடல் வெப்பமோ சூழலைப் பொறுத்தது. கோர்ன் பாம்புக்குக் கூட்டின் ஒரு பக்கம் சுமார் 30 பாகை வேண்டும். மறுபக்கம் அதைவிடக் குளிராக இருக்கலாம். முழுக் கூடும் குளிர்ந்தால் அதன் நோயெதிர்ப்புச் சக்தி மந்தமாகிவிடும். கண்ணாடியில் மூக்கை உரசி உண்டாகும் சிறு காயம் போதும். வாயில் சாதாரணமாக வாழும் பற்றீரியாக்களே உள்ளே புகுந்துவிடும்.

ஊர்வனவற்றின் சீழ் எமது சீழைப் போல் வடிந்து வெளியேறாது; கட்டியாகவே நிற்கும். அதனால் வைத்தியர் அதை அகற்றிச் சுத்தம் செய்து, நுண்ணுயிர்க்கொல்லி ஊசி போட்டார். ஊசியை உடலின் முன்பகுதியில்தான் போடுவார்களாம். பின்பகுதி இரத்தம் இதயத்துக்குப் போகுமுன் சிறுநீரகத்தின் வழியே செல்லக்கூடும் என்பதே காரணம்.

வீட்டில் நானா செய்தவை இவை. முதலில் வெப்பத்தைச் சரிசெய்தார். கூட்டின் தரையில் வெறும் கடதாசி விரித்துத் தினமும் மாற்றினார், தண்ணீரையும் மாற்றினார். வைத்தியர் கலந்து கொடுத்த கிருமிநீக்கியைப் பஞ்சுக் குச்சியில் தோய்த்துத் துடைத்தார். ஊற்றவில்லை. பாம்பின் மூச்சுக்குழல் வாயின் அடித்தளத்தில் முன்பக்கமாகத் திறப்பதால், ஊற்றினால் மருந்து நுரையீரலுக்குள் போய்விடும். வலுக்கட்டாயமாக உணவு ஊட்டவுமில்லை. ஊர்வனவற்றில் சல்மொனெல்லா இருக்கக்கூடும் என்பதால், ஒவ்வொரு முறையும் சவர்க்காரம் போட்டுக் கை கழுவினார்.

ஆறு கிழமைக்குப் பிறகு அது ஒரு சின்ன எலியை விழுங்கியது. அல்ஹம்துலில்லாஹ்! பாம்பென்றாலே முகம் சுளிக்கும் உம்மாவும் அன்று சிரித்தார்.

இதை வாசித்துவிட்டு வளவில் வரும் பாம்பைப் பிடிக்க யாரும் நினைக்க வேண்டாம். அது ஆபத்து, நம் நாட்டின் வனசீவராசிச் சட்டமும் அதற்கு இடம் தராது. ஆனால் வீட்டில் பூனையோ கிளியோ ஆமையோ வளர்ப்பவர்கள் பலர் இருக்கிறோம். பூனையொன்றை அடைத்துவைத்து, உணவும் கொடுக்காமல், தானாகத் தேடித் தின்னவும் விடாமல் சாகவிட்ட பெண் தண்டிக்கப்பட்டதை ஹதீஸில் படித்திருக்கிறோம். கூட்டில் அடைத்த உயிருக்குச் சூடும் தண்ணீரும் மருந்தும் எம் கையில்தான் இருக்கின்றன.

அது சாப்பிடாமல் இருந்தால், "பழக்கம்தானே" என்று என்னைப் போல் சொல்லிவிடாதீர்கள். முதலில் கூட்டைப் பாருங்கள், பிறகு வாயைப் பாருங்கள், பிறகு தாமதிக்காமல் வைத்தியரிடம் போங்கள். வாயில்லாப் பிராணி தனக்கு வலிக்கிறது என்று சொல்லாது.