கேமரன் மலை மனிதர்கள் – 11: பதினைந்து பெற்றோர் கேட்டால்

பிரிஞ்சாங்கிலிருந்து வடக்கே திரிங்காப்பைத் தாண்டினால் கோலா தெர்லா. சுங்கை பாலாஸ் தேயிலை கண்ணை விட்டு மறைந்திருக்கும். சரிவெங்கும் பிளாஸ்டிக் கூரை போட்ட காய்கறித் தோட்டங்கள். இன்னும் மேலே போனால் கம்போங் ராஜா, அதையடுத்து புளூ வேலி தோட்டம்.

கோலா தெர்லாவில் ஒரு சின்ன நீர்மின் நிலையம் இருக்கிறது. அரை மெகாவாட்தான். ஆனால் அது 1960களில் முடிந்த பெரியதொரு திட்டத்தின் பகுதி. தெலோம் ஆற்றுத் தண்ணீரைச் சுரங்கம் தோண்டி பெர்த்தாம் பக்கம் திருப்பினார்கள். ரிங்லெட்டில் தேக்கினார்கள். மலையின் மறுபுறம் பேராக்கில் இறக்கி 100 மெகாவாட் எடுத்தார்கள். அந்த மின்சாரம் பட்டணங்களுக்கும் ஆலைகளுக்கும் போயிற்று. இந்த மலைகளில் நமக்கெல்லாம் முன்பிருந்தே வாழும் செமாய் மக்களின் பல குடியிருப்புகளுக்குப் போகவில்லை. லெமோய் போன்ற உட்பகுதிகளுக்கு நெடுங்காலம் செம்மண் பாதைதான். மழை பிடித்துக்கொண்டால் நாலு சக்கரமும் இழுக்கிற வண்டிகூட நின்றுவிடும், பிறகு நடைதான்.

போன வாரம் தோட்டத்து லயங்களைப் பற்றி எழுதியிருந்தேன். இந்த வாரம் அந்த லயங்களுக்கு அப்பால் காட்டோரத்தில் இருப்பவர்களைப் பற்றி.

2018 பொதுத் தேர்தலில் கேமரன் மலை நாடாளுமன்றத் தொகுதியை ம.இ.கா.வின் சிவராஜ் சந்திரன் 597 வாக்கு வித்தியாசத்தில் வென்றார். எதிர்த்து நின்ற ஜ.செ.க.வின் மனோகரன் வழக்குப் போட்டார். செமாய் உள்ளிட்ட பூர்வகுடிகளான ஓராங் அஸ்லி வாக்காளர்களுக்குப் பணம் கொடுக்கப்பட்டது என்பது குற்றச்சாட்டு. நவம்பர் 30 அன்று தேர்தல் நீதிமன்றம் அந்த வெற்றியைச் செல்லாது என்று அறிவித்தது. தொகுதி வாக்காளர்களில் ஐந்தில் ஒருவருக்கு மேல் ஓராங் அஸ்லி. அதுவரை எந்தக் கட்சிக்கும் அவர்கள் தேர்தல் நேரத்து நினைவாகவே இருந்தார்கள். அவர்கள் வாக்குக்கு என்ன எடை என்பதை இந்தத் தீர்ப்புதான் நாட்டுக்குக் காட்டியது.

2019 ஜனவரி 26 இடைத்தேர்தலில் ம.இ.கா. விட்டுக்கொடுத்தது. தேசிய முன்னணி ரம்லி முகமட் நோரை நிறுத்தியது. ஓய்வுபெற்ற காவல்துறை அதிகாரி, ஓராங் அஸ்லி. 12,038 வாக்கு வாங்கி, 3,238 பெரும்பான்மையில் மனோகரனை வென்றார். சுதந்திர மலாயாவின் முதல் பொதுத் தேர்தல் 1959இல் நடந்தது. இந்த மண்ணின் மூத்த குடியிலிருந்து வாக்குப் பெற்று ஒருவர் மக்களவைக்குள் நுழைய 60 ஆண்டுகள் ஆகியிருக்கின்றன. அதற்கு முன் மேலவையில் நியமனம் உண்டு. ஆனால் நியமனம் பெற்று அமர்வதும் மக்கள் அனுப்பி வைத்து அமர்வதும் ஒன்றாகா.

2004 முதல் ம.இ.கா. வேட்பாளர்களே வென்ற தொகுதி இது. தேவமணி, பழனிவேல், சிவராஜ் என்று வந்த வரிசை அறுந்தபோது நம்மவர்களில் சிலருக்கு வருத்தம். எனக்கு அந்த வருத்தம் இல்லை. நாம் ஓர் இடத்தை இழந்ததாகவும் நான் நினைக்கவில்லை. வரவேண்டியவர் தாமதமாக வந்தார், அவ்வளவுதான்.

ரம்லி அவையில் எழுப்பியவை பெரும்பாலும் பழைய கோரிக்கைகளே: உட்புறக் கிராமங்களுக்குச் சாலை, மின்சாரம், மரபுவழி நிலத்துக்குப் பாதுகாப்பு, 1954ஆம் ஆண்டின் பூர்வகுடிகள் சட்டத்தில் திருத்தம். 2022இல் மீண்டும் வென்று, அந்த ஆண்டு டிசம்பரில் மக்களவையின் துணை சபாநாயகர்களில் ஒருவரானார்.

சாலையையும் மின்சாரத்தையும் ஒரு கோப்பில் வைத்து, மொழியை வேறொரு கோப்பில் வைப்பது அரசாங்கங்களின் வழக்கம். காட்டுக் கிராமத்தில் இரண்டும் ஒன்றுதான். சாலை இல்லாத ஊரில் ஆசிரியர் நிலைப்பதில்லை. பிள்ளையை ஏழெட்டு வயதில் விடுதிக்கு அனுப்ப வேண்டியிருக்கிறது. விடுதியில் தாய்மொழி பேச ஆளில்லை, வகுப்பில் மலாய் மட்டும். 2015 ஆகஸ்டில் கிளந்தானின் தோஹோய் பள்ளி விடுதியிலிருந்து ஏழு ஓராங் அஸ்லி பிள்ளைகள் தண்டனைக்குப் பயந்து காட்டுக்குள் ஓடினார்கள். 47 நாள் கழித்து இரண்டு சிறுமிகள் மட்டுமே உயிரோடு கிடைத்தார்கள். தூரம் ஒரு சமூகத்திடம் எதையெல்லாம் பறிக்கும் என்பதற்கு இதைவிடக் கொடிய சாட்சி எனக்குத் தெரியாது.

1996ஆம் ஆண்டுக் கல்விச் சட்டத்தை நம் வாசகர்கள் ஒருமுறை எடுத்துப் பார்க்க வேண்டும். தேசியப் பள்ளியில் 15 மாணவர்களின் பெற்றோர் கேட்டால் சீனமோ தமிழோ கற்பிக்க வசதி செய்தாக வேண்டும். பூர்வகுடி மொழிகளுக்கும் அதே 15தான், ஆனால் கூடவே ஒரு நிபந்தனை: அது நியாயமாகவும் நடைமுறைக்கு இயன்றதாகவும் இருக்க வேண்டும். ஆசிரியர் இல்லை, பாடநூல் இல்லை, பாதை இல்லை என்று சொல்லிவிட்டால் போதும், நடைமுறைக்கு இயலாது என்று ஆகிவிடும். பேராக்கிலும் பகாங்கிலும் சில ஆரம்பப் பள்ளிகளில் செமாய் பாடம் நடப்பது இந்த நிபந்தனையையும் மீறித்தான்.

இந்த மலையில் தமிழ் எப்படி நின்றது? 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், தோட்டத்தில் பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் நிர்வாகம் பள்ளி நடத்த வேண்டும் என்றது. துரைமார்களின் கருணையால் வந்தவை அல்ல நம் தோட்டப் பள்ளிகள். கொட்டகையும் ஒற்றை ஆசிரியருமாகத்தான் பல பள்ளிகள் நடந்தன, உண்மைதான். ஆனாலும் சட்டத்தில் ஓர் எண் இருந்தது. சுங்கை பாலாஸிலும் புளூ வேலியிலும் இன்றும் தமிழ்ப்பள்ளி இருப்பதன் வேர் அங்கேதான்.

செமாய், ஆஸ்திரோ ஆசிய மொழிக் குடும்பத்தைச் சேர்ந்தது. கம்போடியாவின் கெமர், மேகாலயாவின் காசி, ஜார்க்கண்டின் சந்தாலி எல்லாம் அதன் தூரத்து உறவுகள். ஓராங் அஸ்லியின் 18 இனங்களில் எண்ணிக்கையில் பெரியவர்கள் செமாய் மக்கள்தாம். 1959இல் தொடங்கிய ஓராங் அஸ்லி ஒலிபரப்பு இன்று அஸ்யிக் எப்.எம். என்ற பெயரில் நடக்கிறது. செமாய், தெமியார் மொழிகள் அதில் ஒலிக்கின்றன. வானொலியில் கேட்கிற மொழியைப் பிள்ளை எழுதக் கற்க வேண்டாமா?

உலகின் மறுகோடியிலும் இதே வழக்கு நடக்கிறது. கனடாவின் வடக்கே நூனவூட். 20 லட்சம் சதுர கிலோமீட்டருக்கு மேல் பரப்பு, 25 ஊர்கள், ஓர் ஊரிலிருந்து இன்னோர் ஊருக்குச் சாலை கிடையாது. விமானம், கோடையில் கப்பல். 2021இல் அங்கிருந்து ஒட்டாவா சென்ற லோரி இட்லவுட் என்ற இன்யூட் பெண் நாடாளுமன்ற உறுப்பினர் வீட்டுப் பற்றாக்குறையையும் தம் மொழியின் உரிமையையும் சேர்த்தே பேசுகிறார். நூனவூட்டில் 2008இலேயே மொழிப் பாதுகாப்புச் சட்டம் வந்துவிட்டது. எல்லா வகுப்புகளுக்கும் இன்யூட் மொழிக் கல்வி 2019க்குள் கிடைக்க வேண்டும் என்றது அது. ஆசிரியர் போதவில்லை என்று 2020இல் அந்தக் கெடுவை 2039க்குத் தள்ளினார்கள். அன்று முதல் வகுப்பில் இருந்த பிள்ளை படிப்பை முடித்துப் பெற்றோரும் ஆகிவிடும். ஆகவே சட்டம் மட்டும் போதாது. ஆசிரியர் பயிற்சிக்குப் பணமும் அவர் தங்க வீடும் போய்வரப் பாதையும் அதே சட்டத்தோடு வர வேண்டும்.

துணை சபாநாயகர் இருக்கையில் அமர்ந்த ரம்லிக்கு அவையை நடத்தும் பொறுப்பு இருக்கிறது. காட்டோர மக்களுக்காகக் கேட்கும் வேலையை அவர் ஒருவர் தலையில் மட்டும் ஏற்றிவிட்டு மற்ற 221 உறுப்பினர்களும் ஒதுங்கிக்கொள்ளக் கூடாது. அந்த 221 பேரில் நம் தமிழ் உறுப்பினர்களும் உண்டு. கல்விச் சட்டத்தில் பூர்வகுடி மொழிகளுக்கு மட்டும் போட்ட அந்த நிபந்தனையை நீக்கக் கோரி அவர்கள் அவையில் பேசட்டும். தமிழுக்கு 15 பெற்றோர் போதும் என்றால் செமாய்க்கும் 15 போதும். உங்கள் தொகுதி உறுப்பினரை அடுத்த முறை கோயில் திருவிழாவிலோ பள்ளி விழாவிலோ பார்க்கும்போது இதையும் கேளுங்கள்.

(தொடரும்)