கடலில் மூழ்கி எழுபவரின் சரீரத்தில் நடப்பது என்ன?



நாட்றம்பள்ளிப் பக்கத்திலிருந்து ஏலகிரி மலைக்குப் பேருந்தில் போகிறவர்களுக்கு, வளைவுகளில் ஏறும்போது காது அடைப்பதும், எச்சில் விழுங்கியதும் திறப்பதும் தெரிந்ததே. மேலே போகப் போகக் காற்றின் அழுத்தம் குறைவதே இதற்குக் காரணம். இந்தச் சிறு மாற்றத்தையே சரீரம் உணருகிறது. அப்படியானால் தூத்துக்குடி, கீழக்கரைக் கடலில் சங்கு குளித்துப் பிழைக்கும் சகோதரர்களின் சரீரம் ஆழத்திலிருந்து மேலே வரும்போது என்ன பாடுபடும் என்பதை எண்ணிப் பாருங்கள்.

தண்ணீரின் பாரம்

கடலுக்குள் ஒவ்வொரு 10 மீட்டர் ஆழத்துக்கும், தரையில் நம்மேல் உள்ள காற்றழுத்தத்தின் அளவு ஒரு மடங்கு கூடுகிறது. 20 மீட்டர் ஆழத்தில் இருப்பவர்மேல் மூன்று மடங்கு அழுத்தம் இருக்கும்.

முற்காலத்தில் மன்னார் வளைகுடாவில் முத்தும் சங்கும் எடுத்தவர்கள் மூச்சை அடக்கியே மூழ்கினார்கள். நெஞ்சில் இருந்த ஒரு மூச்சுக் காற்றுதான் அவர்களுக்குத் துணை. அது தீருமுன் மேலே வந்தாக வேண்டும். பிற்காலத்தில் படகிலுள்ள கம்ப்ரசரிலிருந்து குழாய் வழியே காற்று வாங்கும் பழக்கம் வந்தது. அடியில் நெடுநேரம் தங்க முடிகிறது. சங்கும் அதிகம் கிடைக்கிறது. ஆபத்தும் இங்கேதான் ஆரம்பமாகிறது.

சோடா பாட்டிலும் இரத்தமும்

நாம் சுவாசிக்கும் காற்றில் 78 சதவீதம் நைட்ரஜன். சரீரம் அதைப் பயன்படுத்துவதில்லை. ஆனால் ஆழத்தில், மிகுந்த அழுத்தத்தில் சுவாசிக்கும்போது அது இரத்தத்திலும் கொழுப்பிலும் நரம்புத் திசுக்களிலும் கரைந்து சேருகிறது. எவ்வளவு ஆழமோ, எவ்வளவு நேரமோ, அதற்கேற்பச் சேரும்.

கோலி சோடாவின் கோலியை அழுத்தியவுடன் குமிழிகள் பொங்குவதைப் பார்த்திருப்பீர்கள். அழுத்தம் திடீரென்று குறைந்ததால், கரைந்திருந்த வாயு வெளியே வருகிறது. வேகமாக மேலே ஏறுகிறவரின் சரீரத்திலும் இதுவே நடக்கிறது. மெல்ல ஏறினால் நைட்ரஜன் நுரையீரல் வழியாகச் சிறிது சிறிதாக வெளியேறிவிடும். அவசரப்பட்டால் உள்ளேயே குமிழியாகிவிடும்.

குமிழிகளால் தோள், முழங்கை, முழங்கால் மூட்டுகளில் கடும் வலி வரும். தோலில் அரிப்பும் தடிப்பும் காணும். முதுகுத் தண்டு பாதிக்கப்பட்டால் கால்கள் மரத்துப் போகும், சிறுநீர் பிரியாது, நடக்க முடியாமலும் போகலாம். தலைசுற்றல், மூச்சுத் திணறல், மயக்கம் ஆகியவை உயிருக்கே ஆபத்தான அடையாளங்கள்.

பாலம் கட்டியவர்களுக்கும் வந்த வியாதி

இந்த வியாதியை உலகம் அறிந்தது மூழ்குபவர்களால் மட்டுமல்ல. ஆற்றடியில் பாலத்தின் அஸ்திவாரம் தோண்ட, அழுத்தக் காற்று நிரப்பிய அறைகளில் இறங்கிய தொழிலாளர்களும் வெளியே வந்ததும் வலியால் மடங்கி விழுந்தார்கள். நியூயார்க்கின் புரூக்ளின் பாலத்தைக் கட்டிய தலைமைப் பொறியாளர் வாஷிங்டன் ரோப்ளிங் 1872-இல் இதனால் படுக்கையில் விழுந்தார். நம் நாட்டில் 1943-இல் திறக்கப்பட்ட ஹவுரா பாலத்துக்கும் கல்கத்தா கரையில் இவ்விதமாகவே அழுத்தக் காற்றில் வேலை நடந்தது.

நைட்ரஜன் குமிழிகளே காரணம் என்று பிரெஞ்சு விஞ்ஞானி பால் பெர்ட் 1878-இல் விளக்கினார். இங்கிலாந்தின் ஹால்டேன், வெள்ளாடுகளை வைத்துச் சோதித்து, படிப்படியாக நின்று நின்று ஏறும் அட்டவணையை 1908-இல் வெளியிட்டார்.

மூழ்குபவர்கள் கவனிக்க வேண்டியவை

நிமிடத்துக்கு 9 மீட்டருக்கு மேல் வேகமாக ஏறக் கூடாது. 5 மீட்டர் ஆழத்தில் மூன்று நிமிடமாவது நின்று வருவது நல்லது. ஆழமாகவும் நெடுநேரமும் இருந்தவர்கள் அட்டவணைப்படி இன்னும் அதிக நேரம் நிற்க வேண்டும்.

மூச்சடக்குவது பரம்பரைப் பழக்கம். ஆனால் குழாயில் காற்று வாங்கியவர் மேலே வரும்போது மூச்சை அடக்கவே கூடாது. 10 மீட்டரில் இழுத்த காற்று மேலே வருமுன் இரண்டு மடங்காக விரிந்து, நுரையீரலைக் கிழித்துவிடும். தொடர்ந்து மூச்சை வெளியே விட்டுக்கொண்டே வர வேண்டும்.

மூழ்கிய பின் ஒரு நாளாவது விமானத்திலோ கொடைக்கானல் போன்ற உயர்ந்த மலைக்கோ போகாதிருப்பது நல்லது.

கரை சேர்ந்த பின்

அறிகுறிகள் பெரும்பாலும் சில மணி நேரத்துக்குள் தோன்றும். சிலருக்கு ஒரு நாள் கழித்தும் வரலாம். வேலை செய்த அசதி என்று நினைத்துத் தைலம் தேய்த்துப் படுத்துவிடக் கூடாது. வலி குறையும் என்று மறுபடியும் கடலில் இறங்குவதும் ஆபத்து.

நோயாளியை மல்லாக்கப் படுக்கவைத்து, சுத்தமான ஆக்ஸிஜன் கொடுத்து, அழுத்த அறை உள்ள மருத்துவமனைக்குத் தாமதமின்றிக் கொண்டுசெல்ல வேண்டும். அங்கே 18 மீட்டர் ஆழத்துக்குச் சமமான அழுத்தத்தில் ஆக்ஸிஜன் கொடுத்து, ஏறக்குறைய ஐந்து மணி நேரத்தில் மெல்லமெல்ல அழுத்தத்தைக் குறைப்பார்கள். குமிழிகள் சுருங்கிக் கரையும். சீக்கிரம் வந்தவர்களில் பலர் எழுந்து நடக்கிறார்கள். தாமதித்தவர்களில் சிலருக்குக் கால்கள் திரும்புவதில்லை.

அழுத்த அறை எல்லா ஊரிலும் இருக்க முடியாது. ஆனால் கடலோரத்துச் சிறு மருந்தகத்திலும் ஒரு ஆக்ஸிஜன் உருளையும், நன்றாகப் பொருந்தும் முகமூடியும் இருக்கலாம். கை கால் மரத்து வருகிற கடலோரத்து வாலிபரிடம், "தம்பி, கடைசியாக எப்போது கடலில் இறங்கினாய்? எவ்வளவு ஆழம்?" என்று எந்த ஊர் மருத்துவமனையிலும் கேட்கலாம். ஒரு குடும்பத்தைத் தாங்கும் இரண்டு கால்களைக் காப்பாற்ற இவை உதவும்.