இழுவை போதும், சுற்று போதுமா?

திருச்சி அரியமங்கலத்தில் ஒரு பட்டறை. தகரக் கூரைக்குக் கீழே செயின் பிளாக்கில் ஒரு எஞ்சின் தொங்குகிறது. பக்கத்தில் பின்கதவைத் திறந்துபோட்டு நிற்கிறது பழைய ஸ்கிட் ஸ்டீர் லோடர். எந்தக் கம்பெனி செய்ததாக இருந்தாலும் நம் ஊரில் அதற்குப் பெயர் பாப்கேட்தான். வருடக்கணக்கில் உமியும் மணலும் அள்ளிய வண்டி. கொஞ்ச நாளாகவே புகை தள்ளியது, ஆயில் குடித்தது. பழைய எஞ்சினுக்கு லைனரும் பிஸ்டனும் கிடைக்கவில்லை. வண்டிக்காரர் ஒரு டிராக்டர் எஞ்சினை விலைபேசி இறக்கிவிட்டார்.

"அதுவும் 50 எச்.பி., இதுவும் 50 எச்.பி. தூக்கி வச்சிருங்கண்ணே."

"வைக்கலாம் சார். இதோட சுத்து என்ன?" என்றார் மெக்கானிக்.

அவர் ஏன் அதைக் கேட்டார் என்று புரிய, இந்த வண்டி எப்படி ஓடுகிறது என்று தெரியவேண்டும். இதற்குக் காரைப் போல ஸ்டியரிங் கிடையாது. நான்கு சக்கரங்களும் நேராகவே நிற்கும், திரும்பாது. இடப்பக்கச் சக்கரங்களை முன்னும் வலப்பக்கச் சக்கரங்களைப் பின்னும் ஓட்டினால், நின்ற இடத்திலேயே தட்டாமாலை சுற்றும். ஸ்ரீரங்கத்தில் உத்திர வீதியிலிருந்து பிரியும் சந்துகளில் ஜே.சி.பி. நுழைந்தால் திரும்ப இடம் இராது. இந்த வண்டி தன் நீளத்துக்குள்ளேயே திரும்பி வெளியே வந்துவிடும். அமெரிக்காவின் மின்னசோட்டாவில் ஒரு வான்கோழிப் பண்ணைக்காரர், தூண்கள் நெருக்கமாக நிற்கும் கொட்டகைக்குள் எருவை அள்ளச் சின்ன வண்டி கேட்டார். 1957-இல் கெல்லர் சகோதரர்கள் அவருக்குச் செய்துகொடுத்ததுதான் இதன் மூதாதை. அதற்கு மூன்றே சக்கரம்.

இப்போதைய வண்டிகளில் எஞ்சின் சக்கரத்தை நேராகச் சுற்றுவதில்லை. அது ஹைட்ராலிக் பம்புகளைச் சுற்றுகிறது. பம்ப் தள்ளும் எண்ணெய்தான் மோட்டார் வழியாகச் சக்கரத்தை ஓட்டுகிறது, கையைத் தூக்குகிறது, பக்கெட்டைக் கவிழ்க்கிறது. அதனால் எஞ்சினின் உண்மையான முதலாளி பம்ப்தான். பம்ப் கேட்பது எச்.பி.யை மட்டுமல்ல, சுற்றையும்.

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒரு சுற்றுக்கு 40 மில்லி எண்ணெய் தள்ளும் பம்ப் என்று வைத்துக்கொள்வோம். பழைய எஞ்சினைப் போல நிமிடத்துக்கு 2,800 சுற்றில் அது 112 லிட்டர் தள்ளும். டிராக்டர் எஞ்சின் முழுத் திறனைத் தருவது சுமார் 2,200 சுற்றில். அங்கே பம்ப் தள்ளுவது 88 லிட்டர்தான். வண்டியின் வேகமும் கை தூக்கும் வேகமும் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் போய்விடும். இத்தனைக்கும் இழுவையில் டிராக்டர் எஞ்சின்தான் பெரியது. எச்.பி. என்பது இழுவையையும் சுற்றையும் பெருக்கி வருவது. அதே 50 எச்.பி.க்கு 2,800 சுற்றில் 127 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை போதும். 2,200 சுற்றில் 162 வேண்டும். அந்தக் கூடுதல் இழுவையை வைத்துக்கொண்டு இந்தப் பம்ப் ஒன்றும் செய்யாது. டிராக்டர் எஞ்சினை 2,800-க்கு முறுக்கிவிட்டால்? அது அந்தச் சுற்றுக்குச் செய்ததல்ல. சீக்கிரமே கனெக்டிங் ராடில் கைவைத்துவிடும்.

பெல்ட்டில் ஓடும் பம்பாக இருந்தால் புல்லி அளவை மாற்றிச் சரிக்கட்டியிருக்கலாம். இந்த வண்டியில் பம்ப், ஃபிளைவீலோடு நேராகக் கப்ளிங்கில் இருக்கிறது. டிராக்டர் எஞ்சின் திரும்பிப் போனது. 2,800 சுற்றில் ஓடும் ஒரு சின்னச் சரக்கு வண்டியின் எஞ்சின் வந்தது, பழைய மெக்கானிக்கல் டீசல் பம்ப் உள்ளதாகத் தேடி. புது எலக்ட்ரானிக் எஞ்சின் என்றால் இ.சி.யூ., வயரிங், சென்சார் எல்லாம் கூடவே வந்தாகவேண்டும். ஒன்று குறைந்தாலும் எஞ்சின் முரண்டு பிடிக்கும்.

ஃபிளைவீலையும் பம்பையும் சேர்க்கும் அடாப்டர் பிளேட் துவாக்குடியில் கடைந்து வந்தது. பெல் நிறுவனத்துக்கு உதிரிபாகம் செய்து பழகிய லேத்துகள் அங்கே நிறைய. அந்தப் பிளேட்டைப் பூட்டியதும் மெக்கானிக் டயல் கேஜை ஃபிளைவீலில் ஒட்டவைத்து, கையால் மெல்ல ஒரு சுற்றுச் சுற்றினார். முள் ஒரு பக்கம் சாய்ந்து, திரும்பி வந்தது. உதட்டைப் பிதுக்கினார். போல்ட்டைத் தளர்த்தி, மரச் சுத்தியலால் ஒரு தட்டு, மறுபடி ஒரு சுற்று. இப்படியே முக்கால் மணி நேரம். கண்ணுக்குத் தெரியாத அந்த விலகல் நிமிடத்துக்கு 2,800 முறை பம்பின் பேரிங்கை இடிக்கும். முதலில் சீல் போகும், பிறகு பம்பே போகும். பம்பின் விலை எஞ்சினின் விலையை எட்டிப்பிடிக்கக்கூடியது.

பழைய உடம்புக்குப் புது உயிர் கொடுக்கும் வேலை திருச்சிக்குப் புதிதல்ல. அரியமங்கலத்துக்குப் பக்கத்திலேயே பொன்மலை ரயில்வே பணிமனை. நாகப்பட்டினத்தில் இருந்த தென்னிந்திய ரயில்வேயின் பணிமனை 1920-களின் கடைசியில் இங்கே வந்தது. நீலகிரி மலை ரயிலின் பழைய எக்ஸ் வகை நீராவி எஞ்சின்கள் சுவிட்சர்லாந்தின் விண்டர்தூர் நகரில் செய்தவை. அவற்றில் நான்கு சிலிண்டர்கள்: சாதாரணச் சக்கரங்களுக்கு இரண்டு, தண்டவாளத்தின் நடுவே ஓடும் பல்சட்டத்தைப் பிடித்தேறும் பல்சக்கரங்களுக்கு இரண்டு. கல்லாறுக்கும் குன்னூருக்கும் இடையே பன்னிரண்டு அடிக்கு ஓரடி என்ற ஏற்றத்தில் பெட்டிகளைப் பின்னாலிருந்து தள்ளிக்கொண்டு ஏறும்.

இந்த எஞ்சின்களை நிலக்கரியிலிருந்து ஃபர்னஸ் ஆயிலுக்கு மாற்றும் வேலை பொன்மலைக்கு வந்தது. சிலிண்டர், பல்சக்கரம் எதிலும் கைவைக்க வேண்டியதில்லை. அடுப்பை மாற்றினால் போதும் என்றுதான் தோன்றும். ஆனால் ஃபர்னஸ் ஆயில் பாகு மாதிரி. சூடாக்கினால்தான் ஓடும், நீராவியால் ஊதிப் பனிபோலச் சிதறடித்தால்தான் ஒழுங்காக எரியும். காலையில் குளிர்ந்து கிடக்கும் எஞ்சினில் அந்த முதல் நீராவிக்கு எங்கே போவது? அதற்கு வெளியிலிருந்து ஏற்பாடு வேண்டும். கரி தட்டில் பரவிக் கனலும். எண்ணெய்ச் சுவாலையோ ஊதுகுழல் போலப் பாய்ந்து கொதிகலன் தகட்டை ஓரிடத்திலேயே வாட்டும். அதற்குத் தீச்செங்கல் கட்டவேண்டும். இத்தனையும் செய்து, 2011-இல் தொடங்கி எண்ணெயில் ஓடும் புது எக்ஸ் எஞ்சின்களையே பொன்மலை செய்து அனுப்பியது. காட்டில் தீப்பொறி விழும் பயம் குறைந்தது. சாம்பல் அள்ளும் வேலையும் இல்லை. அதே பணிமனை 2021-இல் கரியில் ஓடும் எக்ஸ் எஞ்சினையும் செய்தது. தொழிலாளர் கைகளில் எவ்வளவு தெரிந்திருந்தால் இரண்டு வழியிலும் போகமுடியும்! பொன்மலையைப் பற்றி எழுதும்போது எனக்கு மரியாதை தானாக வருகிறது.

அரியமங்கலத்துப் பாப்கேட்டில் கடைசிச் சிக்கலும் சூடுதான். டீசல் தரும் ஆற்றலில் சுமார் மூன்றில் ஒரு பங்குதான் வேலையாகிறது. மற்றதெல்லாம் புகைபோக்கியிலும் ரேடியேட்டரிலும் சூடாகப் போகிறது. சரக்கு வண்டியில் ரேடியேட்டர் முன்னால். ஓட்டத்தில் எதிர்க்காற்று கிடைக்கும். பாப்கேட் நின்ற இடத்தில் சுழல்கிற வண்டி, அதில் எஞ்சின் பின்னால் பெட்டிக்குள் அடைந்து கிடக்கிறது. விசிறியை விட்டால் கதியில்லை. ரேடியேட்டர் தண்ணீர் 95 டிகிரி, வெளிக்காற்று 25 டிகிரி என்றால் வித்தியாசம் 70. திருச்சியின் மே மாத 40 டிகிரியில் அது 55 ஆகிவிடும். அதே ரேடியேட்டர் ஐந்தில் ஒரு பங்கு குறைவான சூட்டைத்தான் இறக்கும். குளிர் நாட்டுக்குச் செய்த அளவு இங்கே போதாது.

வந்த எஞ்சினின் விசிறி காற்றை உள்ளே இழுப்பது. இந்த வண்டிக்கு வெளியே தள்ளும் விசிறி வேண்டும். கழற்றித் திருப்பிப் போட்டால் சரியாகிவிடும் என்றான் பட்டறைப் பையன். போட்டும் பார்த்தான். மெக்கானிக் ஒரு காகிதத்தைக் கிரில்லில் பிடித்தார். அது அப்படியே ஒட்டிக்கொண்டது. விசிறியைத் திருப்பிப் போட்டாலும் இறக்கையின் சாய்வு மாறுவதில்லை. காற்று பழைய திசையிலேயே, முன்பைவிட மந்தமாகப் போகும். எதிர்ச்சாய்வு உள்ள வேறு விசிறி வாங்கிவந்தார்கள். இந்த முறை காகிதம் பறந்து போனது.

மதியம் இரண்டு மணி வெயிலில் ஒரு லோடு மணலோடு வண்டியைச் சுற்றவிட்டார்கள். சூடு காட்டும் முள் பாதிக்கு மேல் ஏறி அங்கேயே நின்றது. ஒரு மணி நேரம் கழித்து எஞ்சினை அணைத்ததும் பையன் ஸ்பானரோடு உள்ளே குனிந்தான். சூடு ஏறி இறங்கியதில் மவுண்டிங் போல்ட்டுகள் நான்குமே ஆளுக்குக் கால் சுற்று இடம் கொடுத்தன.